லண்டன் சுரங்க ரயில்: பெயரையும் படத்தையும் நம்பிச் சறுக்கும் இடங்கள்

லண்டன் சுரங்க ரயில் பற்றிய தவறுகளில் பாதி, அதன் வரைபடத்திலிருந்தே பிறக்கிறது. மின்சுற்றுப் படங்கள் வரையும் வேலை பார்த்த ஹாரி பெக் 1931-ல் வரைந்து, 1933-ல் அச்சேறிய படம் அது. எந்தத் தடத்தில் ஏறி எங்கே மாறுவது என்பதைத்தான் அது காட்டும், தூரத்தைக் காட்டாது. கோவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் சதுக்கத்துக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். படத்தைப் பார்த்து அதற்கு ரயில் ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு. கோவென்ட் கார்டனில் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், பொறுமையில்லை என்றால் 193 படிகள். அதற்குள் நடந்தே போய்விடலாம்.

பெயர்களும் காலை வாரும். எட்ஜ்வேர் ரோடு என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தெருவுக்கு வந்துதான் போக வேண்டும். எட்ஜ்வேர் என்பதோ நகரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் வேறு நிலையம். ஹேமர்ஸ்மித்திலும் இரண்டு நிலையங்கள் உண்டு. பேங்க், மானுமென்ட் கதை நேர் எதிர்: பெயர்கள் இரண்டு, ஆனால் 1933 முதல் உள்ளுக்குள்ளேயே இணைந்தவை. நார்தர்ன் தடத்தின் பெயரை நம்பி அது வடக்கே மட்டும் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். சுரங்க ரயிலின் தெற்குக் கோடி நிலையமான மார்டன் அதில்தான் இருக்கிறது.

பழைய நாட்குறிப்பு, கடிதம், நாவல் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1870-ல் தேம்ஸ் கரையில் திறந்த நிலையத்துக்குப் பெயர் சேரிங் கிராஸ். அதுதான் இன்றைய எம்பேங்க்மென்ட். இந்தப் பெயர் அதற்கு நிலைத்தது 1976-ல். இன்றைய சேரிங் கிராஸ் 1979-ல் உருவானது. டிரஃபால்கர் சதுக்கம், ஸ்ட்ராண்ட் என்று தனித்தனியே இருந்த இரண்டு நிலையங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அந்த ஸ்ட்ராண்டுக்கும் முன்னால் வேறொரு ஸ்ட்ராண்ட் இருந்தது: 1907-ல் திறந்து, 1915-ல் ஆல்ட்விச் என்று பெயர் மாறி, 1994-ல் மூடப்பட்டது. அதன் முகப்பில் இன்னமும் பழைய பெயர்தான் இருக்கிறது. ஆக, 1950-ல் ஒருவர் சுரங்க ரயிலில் சேரிங் கிராஸில் இறங்கினேன் என்று எழுதியிருந்தால், அவர் இறங்கியது ஆற்றங்கரையில்.

தொடக்க காலத்தை எழுதும்போது எஸ்கலேட்டரும் ஆழத்தில் குடைந்த குழாய்ச் சுரங்கமும் மனதில் வந்து நின்றுவிடும். 1863 ஜனவரியில் பேடிங்டனிலிருந்து ஃபேரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர் ஓடிய முதல் வண்டியை இழுத்தது நீராவி எஞ்சின். பெட்டிகளில் எரிந்தது வாயு விளக்கு. தெருவைத் தோண்டி, தடம் போட்டு, மேலே மூடினார்கள். புகை வெளியேற ஆங்காங்கே திறப்பு விட்டார்கள். இதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடிய சார்லஸ் பியர்சன் 1862-லேயே இறந்துவிட்டார்; அவரை முதல் ரயிலில் ஏற்றிவிடாதீர்கள். லண்டன் களிமண்ணை ஆழத்தில் குடைந்து மின்சார ரயில் விட்டது அதற்கு 27 ஆண்டுகள் கழித்து, 1890-ல். குழாய் சிறியதென்பதால் அந்தத் தடங்களில் பெட்டிகளின் கூரை வளைந்திருக்கும். உயரமானவர் கதவோரம் நின்றால் தலையைச் சாய்க்க வேண்டியதுதான்.

இரண்டாம் உலகப் போர் பற்றி அடிக்கடி காணும் பிழை பெத்னல் கிரீன் நிலைய விபத்து. 1943 மார்ச் 3 இரவு அங்கே 173 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். குண்டு விழுந்து இறந்தார்கள் என்று எழுதுவது தவறு. அன்றிரவு அங்கே குண்டே விழவில்லை. எச்சரிக்கைச் சங்கு ஒலித்து மக்கள் பதுங்குவதற்காக நிலையத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் வெடித்த சத்தம் கேட்டது. வெளிச்சம் குறைந்த, ஈரமான படிகளில் ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். நெரிசலில் மூச்சுத் திணறித்தான் இத்தனை உயிர்கள் போயின. ரயில் நிலையத்தில் நடந்தது என்பதால் ரயிலையும் கதையில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த நிலையத்துக்கு ரயில் வந்ததே 1946-ல்தான். அதுவரை அது கட்டி முடியாத பதுங்குமிடம்.

எண்ணிக்கையில் வரும் குழப்பம் சின்னது. நிலையங்கள் 272, தடங்கள் 11. 2022-ல் வந்த எலிசபெத் தடத்தையும், ஓவர்கிரவுண்ட் என்ற தனி ரயில் சேவையையும் இதில் சேர்க்கக் கூடாது. சுரங்க ரயில் என்றாலும் தடத்தின் பாதிக்கு மேல் திறந்த வெளியில்தான் ஓடுகிறது. சர்க்கிள் தடமும் 2009 முதல் முழு வட்டமாகச் சுற்றுவதில்லை: ஹேமர்ஸ்மித்தில் கிளம்பி, நகரைச் சுற்றி வந்து எட்ஜ்வேர் ரோட்டில் முடிகிறது. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சுற்றிச் சுற்றி வரலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் இருப்பது இப்போது நடக்காது.