பொகை டெஸ்ட்ல பெயிலான பழைய கார்: காச எறக்குததுக்கு முன்னாடி இதப் பாருங்க

கார் பொகை டெஸ்ட்ல பெயில்னு சொன்னதும் நம்ம ஆளுக பண்ணுத காரியம் ரெண்டுதான். ஒண்ணு, குழாயே வைக்காம சர்டிபிகேட் அடிச்சுத் தாற இடம் எங்கன இருக்குன்னு விசாரிப்பாங்க, இல்லன்னா நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போயி "அண்ணாச்சி, கொஞ்சம் டியூன் பண்ணி விடுங்க"ன்னு சாவியக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. ரெண்டும் வேண்டாம். மொதல்ல ரீடிங்க வாங்குங்க. பெயிலானாலும் நம்பர் உண்டு, பிரிண்ட் தரலைன்னா ஸ்கிரீன போன்ல போட்டோ எடுத்துக்கிடுங்க. பெட்ரோல் கார்னா அதுல சி.ஓ.ன்னு ஒண்ணு (கார்பன் மோனாக்சைடு), ஹெச்.சி.ன்னு ஒண்ணு (ஹைட்ரோகார்பன், எரியாத பெட்ரோல்) இருக்கும், எது கூடியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எங்க கைய வைக்கணும்னு தெரியும். அது தெரியாம பிளக்க மாத்து, பில்டர மாத்து, சென்சார மாத்துன்னு போனா பில்லுதான் ஏறும்.

லிமிட் எல்லா வண்டிக்கும் ஒண்ணு கெடையாது. பிஎஸ்னா பாரத் ஸ்டேஜ், வண்டி எவ்வளவு பொகை விடலாம்னு அரசாங்கம் படிப்படியா வச்ச விதி. பிஎஸ் 2க்கு முந்தின பெட்ரோல் கார்னா சி.ஓ. 3 சதவீதம், ஹெச்.சி. 1500 பிபிஎம் (பத்து லட்சத்துல 1500 பங்கு) வரைக்கும் பாஸ். பிஎஸ் 2, பிஎஸ் 3 வண்டிக்கு 0.5, 750. பிஎஸ் 4ன்னா 0.3, 200, அதுபோக 2500 ஆர்பிஎம் பக்கம் ரேஸ் பண்ணி நிறுத்தி இன்னொரு ரீடிங்கும் எடுக்கணும். நாடு முழுக்க பிஎஸ் 2 வந்தது 2005ல, பிஎஸ் 3 2010ல, பிஎஸ் 4 2017ல. ஆனா சென்னை மாதிரி பெரிய ஊருக்கு ஒவ்வொண்ணும் முன்கூட்டியே வந்துட்டு, பிஎஸ் 4 அங்கன 2010லயே உண்டு, அதனால மெட்ராஸ் வண்டிய செகண்ட் ஹேண்ட்ல வாங்கி இங்க திருநெல்வேலியில டிஎன் 72 வண்டிகளோட ஓட்டிட்டு இருக்கவங்க ஆர்சியில என்ன போட்டிருக்குன்னு ஒருதடவ பாத்துக்கிடணும். டெஸ்ட் செண்டர் கம்ப்யூட்டர்ல பிஎஸ்ஸ மாத்தித் தட்டிட்டா நல்ல வண்டியும் பெயிலாவும், அதையும் கவனிங்க.

அடுத்தது சூடு. வீட்டுல இருந்து எடுத்து வண்ணார்பேட்டை வரைக்கும் சிக்னல் சிக்னலா நின்னு போயி, செண்டர்ல வரிசையில ஆப் பண்ணிப் போட்டு, நம்ம முறை வந்ததும் ஸ்டார்ட் பண்ணிக் குழாய வச்சா எந்த பழைய வண்டியும் மோசமாத்தான் காட்டும். சைலன்சர் லைன்ல இருந்து பொகையச் சுத்தம் பண்ணுத கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி தாண்டினாத்தான் வேலையவே ஆரம்பிக்கும். கேடிசி நகர்ல நாலுவழிச் சாலை ஏறி மூன்றடைப்பு வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு, கொஞ்சம் மூணாவது கியர்ல இழுத்து விட்டுட்டு, நேரா செண்டருக்குப் போங்க, இஞ்சின ஆப் பண்ணாதீங்க. டெஸ்ட் நேரத்துல ஏசி, லைட்டு எல்லாம் ஆப்ல இருக்கட்டும். லிமிட்டுக்கு லேசா மேல போயி பெயிலான வண்டி பல இதுலயே பாஸாயிரும்.

அப்பவும் பெயிலா? சரி, பானட்டத் தொறப்போம்.

சி.ஓ. மட்டும் ஏறியிருந்தா ஒண்ணு பெட்ரோல் கூடப் போவுது, இல்ல காத்து பத்தல. காத்துல இருந்து ஆரம்பிங்க, அதுதான் கொறஞ்ச செலவு. திசையன்விளை, சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கம் ஓடுத வண்டியில ஏர் பில்டரக் கழத்திப் பாத்தா மடிப்புக்கு மடிப்பு செக்கச்செவேல்னு மண்ணு அப்பிக் கிடக்கும், அதுலயும் ஆனி ஆடிக் காத்துல ஓடுன வண்டின்னா கேக்கவே வேண்டாம். மேனுவல்ல போட்டிருக்க கிலோமீட்டர் கணக்கெல்லாம் அந்த மண்ணுக்கு ஒத்து வராது. காத்து அடிக்கதா இருந்தா உள்ள இருந்து வெளிய அடிங்க, வெளிய இருந்து அடிச்சா மண்ணு பேப்பருக்குள்ளதான் ஏறும். ரொம்ப அடைச்சிருந்தா புதுசு போட்டுருங்க.

கார்ப்ரேட்டர் வண்டின்னா, பழைய 800, ஆம்னி இந்த மாதிரி, சோக் முழுசாத் திரும்புதான்னு பாருங்க. கேபிள் துருப்பிடிச்சு பாதி சோக்லயே நின்னுரும், ஓட்டுதவருக்குத் தெரியாது, மைலேஜ் மட்டும் விழும். அப்புறம் ப்ளோட் லெவல் (கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல் நிக்குத மட்டம்), தேஞ்ச ஜெட்டு (பெட்ரோல் போற சின்ன ஓட்டை). பெட்ரோல் காத்துக் கலவைய மாத்துத ஐடில் மிக்சர் ஸ்க்ரூவ கடைசியாத் தொடுங்க, அதுவும் குழாய வச்சு மீட்டரப் பாத்துக்கிட்டே பைய பையத் திருகணும். காதால கேட்டே செட் பண்ணிருவேன்னு சொல்லுத மெக்கானிக் நல்ல வேலைக்காரராவே இருக்கலாம், ஆனா 0.5 சதவீதமெல்லாம் காதுக்குக் கேக்காது.

எம்பிஎப்ஐ வண்டியில, அதாவது கார்ப்ரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் பெட்ரோல் அளந்து விடுத வண்டியில, நான் மொதல்ல சந்தேகப்படுதது தெர்மோஸ்டாட் வால்வதான், இஞ்சின் சூடாகுத வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைக்குதது. நம்ம ஊர்ப் பக்கம் இது ஒரு தொத்து வியாதி. ஒருதடவ வண்டி ஹீட் ஆகிட்டுன்னு போனா "இந்த வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி"ன்னு வால்வக் கழத்தித் தூர எறிஞ்சிருவாங்க, உங்களுக்கு முந்தி வண்டிய வச்சிருந்தவர் கழத்தியிருந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. வால்வு இல்லன்னா தண்ணி எந்நேரமும் ரேடியேட்டர் வழியாச் சுத்திக்கிட்டே இருக்கும், நாலுவழியில எதுத்தாப்புல காத்தடிக்கயில இஞ்சின் சூடே ஏறாது, கம்ப்யூட்டர் இன்னும் குளிர்ல நிக்கோம்னு நெனச்சு பெட்ரோல அள்ளி ஊத்தும். சி.ஓ. ஏறும், மைலேஜ் போவும், ஆயில்ல பெட்ரோல் கலந்து தண்ணியாயிரும். வால்வு இருக்கான்னு கண்டுபிடிக்க எதையும் கழத்த வேண்டாம். வெள்ளன, இஞ்சின் ஜில்லுன்னு இருக்கயில ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின்ல இருந்து ரேடியேட்டர் மேல் பக்கத்துக்குப் போற ஓஸ்ல கைய வைங்க, பேன்ல துணி கிணி மாட்டிராம பாத்து. வால்வு நல்லா இருந்தா ஓஸ் கொஞ்ச நேரம் ஜில்லுன்னே இருக்கும், இஞ்சின் சூடான பொறவு திடீர்னு கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். ஆரம்பத்துல இருந்தே கொஞ்சங் கொஞ்சமா வெதுவெதுன்னு ஏறிச்சுன்னா வால்வு இல்ல, இல்ல தொறந்தபடியே மாட்டிக்கிட்டு. புது வால்வு பெரிய காசு இல்ல. ஹீட் ஆகுத வண்டிக்கு ரேடியேட்டர் அடைப்பையும் பேனையும் சரி பண்ணுங்க, வால்வக் கழத்துதது வைத்தியம் இல்ல.

வால்வு சரின்னா கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார், அடுத்து பொகையில மிஞ்சுத ஆக்சிஜனப் பாக்குத ஆக்சிஜன் சென்சார். சாதாரண ஆக்சிஜன் சென்சார் சூடான பொறவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் நடுவுல ஏறி ஏறி எறங்கிக்கிட்டே இருக்கணும், மல்டிமீட்டர்லயே தெரியும், ஒரே எடத்துல நின்னா சந்தேகப்படணும். செக் இஞ்சின் லைட் எரியலையே, அப்போ சென்சார் எல்லாம் சரிதானேன்னு கேப்பிய. சாவியப் போட்டதும் அந்த லைட் ஒருதடவ எரிஞ்சு அணையுதான்னு மொதல்ல பாருங்க. விக்குததுக்கு முன்னாடி பல்பையே உருவிட்டு விக்குத மகராசனெல்லாம் இருக்காங்க.

ஹெச்.சி. ஏறியிருந்தா கதை வேற. பெட்ரோல் எரியாம அப்படியே வெளிய வருதுன்னு அர்த்தம். பிளக்கக் கழத்தி வரிசையா வச்சுப் பாருங்க, எந்த சிலிண்டர்ல இருந்து எதுன்னு மாறிரக் கூடாது. லேசா தவிட்டு நெறத்துல இருந்தா நல்லது, உலர்ந்த கரி அப்பியிருந்தா பெட்ரோல் கூட, எண்ணெய்ப் பிசுக்கோட கருப்பா இருந்தா ஆயில் ஏறுது. அடுத்து பிளக் ஒயர், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டப் பிரிச்சுக் குடுக்குத டெல்கோவோட மூடி, ரோட்டர், டைமிங். வேப்பமரத்தடியில ரொம்ப நாள் நிக்க வண்டின்னா எலி கடிச்ச ஒயரையும் வேக்கம் ஓஸையும் (இஞ்சின் காத்த உறிஞ்சுத பக்கத்து ரப்பர் குழாய்) தேடிப் பாருங்க. சி.ஓ. கம்மியா இருந்து ஹெச்.சி. மட்டும் எகிறினா பெரும்பாலும் எங்கயோ காத்து லீக்காகி மிஸ்பயர் ஆகுது. ஐடிலிங்ல ஒவ்வொரு வேக்கம் ஓஸா பிளையரால மெதுவா அமுக்குங்க, எத அமுக்கயில இஞ்சின் சத்தம் மாறி சீராகுதோ அதுக்கு அந்தப் பக்கம்தான் ஓட்டை. சில பேரு கார்ப் கிளீனர அடிச்சுப் பாப்பாங்க, சூடான இஞ்சின் மேல அது தீப்பிடிக்க சரக்கு, வீட்டுல வேண்டாம்.

பிளக்கெல்லாம் சரியா இருந்தும் ஹெச்.சி. எறங்கலைன்னா கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு பாக்கச் சொல்லுங்க. கொறஞ்சிருக்க சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாத்தா, ஏறிச்சுன்னா பிஸ்டன் ரிங், ஏறலைன்னா இஞ்சின் வால்வு. இந்த எடத்துல வண்டி மதிப்ப யோசிச்சுக்கிடுங்க, ஏன்னா இதுக்கு மேல பெரிய செலவு.

ரெண்டு நம்பரும் எகிறி, மேல சொன்னது எல்லாம் சரியா இருந்தா மட்டும் கன்வெர்ட்டரப் பாருங்க. சைலன்சர் ஆறினதும் ரப்பர் சுத்தியலால லேசாத் தட்டுங்க, உள்ள கலகலன்னு சத்தம் வந்தா ஒடஞ்சு போச்சு. சத்தமே இல்லாம காலி டப்பாவாவும் இருக்கும், உள்ள இருக்கத விலைக்குப் போட்டுட்டு வெறும் டப்பாவ மாட்டி விட்டிருப்பாங்க. ஆனா பெட்ரோல் கூடப் போற ரிச் மிக்சரச் சரி பண்ணாம புது கன்வெர்ட்டரப் போட்டியன்னா அதுவும் சீக்கிரமே கருகும்.

டீசல் வண்டிக்கு சி.ஓ., ஹெச்.சி. கெடையாது, பொகையோட அடர்த்திதான். பிஎஸ் 4க்கு முந்தினதுக்கு கே வேல்யூ (பொகை அடர்த்தியோட அளவு) 2.45 வரைக்கும், பிஎஸ் 4க்கு 1.62. நியூட்ரல்ல வச்சு ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு மிதிச்சு எடுப்பாங்க, அதனால டைமிங் பெல்ட் மாத்துத நாள் தாண்டியிருந்தா மொதல்ல பெல்ட்ட மாத்திட்டுப் போங்க, அங்கன வச்சு அறுந்தா இஞ்சினே காலி. ஆயில் லெவலும் பாத்துருங்க. கருப்புப் பொகைன்னா ஏர் பில்டர், டர்போ ஓஸ் கிழிசல், நாசில். அதுக்கும் மேல ஒண்ணு, டீசல் பம்ப். பாபநாசம் ஏத்தத்துல ஆள ஏத்திட்டு இழுக்கணும்னு டீசல் கூடப் போற மாதிரி பம்ப்ப கூட்டி வச்ச சுமோ, குவாலிஸ் எல்லாம் இதுலதான் மாட்டும், பம்ப் சர்வீஸ்காரர்ட்ட குடுத்து ஒரிஜினல் செட்டிங்குக்கே கொண்டு வரச் சொல்லுங்க. நீலப் பொகைன்னா ஆயில் எரியுது. சூடான பொறவும் வெள்ளப் பொகை நிக்காம, தண்ணியும் கொறஞ்சுக்கிட்டே வந்தா ஹெட் கேஸ்கெட்டப் பாருங்க.

ரீடெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆயில் பழசா இருந்தா மாத்திருங்க, பெட்ரோல் கலந்த ஆயில்ல இருந்து வார ஆவியே ரீடிங்க ஏத்தும். சைலன்சர் ஜாயிண்ட்ல ஓட்டை இருந்தா அதையும் அடைங்க, வெளிக் காத்து உள்ள போயி நம்பரக் கொழப்பும். பிஎஸ் 4க்கு முந்தின வண்டிக்கு சர்டிபிகேட் ஆறு மாசந்தான், பிஎஸ் 4ல இருந்து ஒரு வருசம். 2019ல சட்டத்தத் திருத்தின பொறவு அபராதம் 10,000 ரூவா வரைக்கும் போவும். 15 வருசம் முடிஞ்சு ஆர்சி ரினீவலுக்குப் போறவங்களுக்கும் இந்த சர்டிபிகேட் வேணும், அதனால ஆர்டிஓ ஆபீஸ் தேதிக்கு மொத நாள் டெஸ்ட்டுக்கு ஓடாம, பெயிலானா சரி பண்ண நேரம் இருக்குத மாதிரி ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு எட்டு போயி வச்சுப் பாத்துருங்க.