ஃபாதர் வருமுன் திருமுழுக்கு

பச்சிளங்குழந்தை தீவிரச் சிகிச்சையில் இருக்கிறது, ஃபாதர் வந்துசேர நேரமில்லை என்றால், கத்தோலிக்கப் பெற்றோர் தாங்களே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கலாம். தாதிகூடக் கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும்.

தாதியிடம் கேட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் வெறும் தண்ணீர் எடுங்கள். தலையில் மூன்று முறை விட்டுக்கொண்டே, பெயர் சொல்லி, “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்” என்று சொல்லுங்கள். தண்ணீர் தோலில் ஓட வேண்டும். ஈரப் பஞ்சால் ஒற்றினால் பின்னால் சந்தேகம் வரும். ‘நான்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள்’ என்று சொன்னால் செல்லவே செல்லாது என 2020-இல் வத்திக்கான் தெளிவாக்கியது. கொடுப்பவர் கிறிஸ்து, கூடியிருப்பவர்கள் அல்ல.

குழந்தை எதுவும் செய்யாமலே பெறுகிறதே, அதனால்தான் அது அருள். அதில் குறையேதும் இல்லை. வீடு திரும்பியதும் உங்கள் பங்கு ஆலயத்தில், சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயமோ வேறோ, பதிவு செய்யுங்கள். எண்ணெய், வெள்ளாடை, மெழுகுத்திரி எல்லாம் அங்கே. தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றமாட்டார்கள்.