தேதிச் சீட்டு இல்லாத பொருட்கள்

நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். திருப்பித் தர வேண்டிய தேதிகளின் முத்திரைகள் அதில் வரிசையாக இறங்கும். 26 ஆண்டுகள் நூலகராக இருந்தேன். ஒரு புத்தகம் அலமாரியில் தொடரலாமா, வெளியேற வேண்டுமா என்று முடிவு செய்ய நாங்கள் முதலில் புரட்டுவது அந்தச் சீட்டைத்தான். கடைசி முத்திரை ஆறேழு ஆண்டுகள் பழையது என்றால் புத்தகம் கைவண்டியில் ஏறிவிடும். எழுதியவர் எவ்வளவு பெரியவர், எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலையில் இவ்வளவு கறாராக இருந்தவளின் வீடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு கத்தரிக்கோலைத் தேடி நாற்பது நிமிடம் அலைந்தேன். நான்கு கிடைத்தன. நான்கில் ஒன்றுகூட ஒழுங்காக வெட்டவில்லை.

அன்றைக்குத்தான் உறைத்தது: வீட்டுப் பொருட்களுக்குத் தேதிச் சீட்டு கிடையாது. கடைசியாக எப்போது எடுத்தோம் என்று நினைவைக் கேட்டால் அது கூசாமல் பொய் சொல்லும். மூன்று ஆண்டுகளாகத் தொடாத கைப்பையைப் பற்றி, "போன மழைக்குக்கூட எடுத்தேனே" என்று என் நினைவு சாதித்தது. மனத்தைக் கேட்டால் இன்னும் மோசம். உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் முதலியோர் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பையை விற்க அவர்கள் கேட்ட விலை, அதே கோப்பையை வாங்க மற்றவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்தக் கதி என்றால், இருபது ஆண்டுகள் நம்மோடு இருந்த உடைந்த மேசை விளக்கு என்ன பாடு படுத்தும்! ஆகவே வீட்டில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று மனத்தைக் கேட்காமல் தேதியைக் கேட்கும் வழியைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது.

முதலில் வெளியேறும் வழி

எந்த இழுப்பறையையும் இன்னும் திறக்காதீர்கள். வேண்டாத பொருள் எங்கே போகும், யார் கொண்டுபோவார், எந்தக் கிழமை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நூலகத்தில் "நீக்கப்பட்டது" என்று முத்திரை குத்தி, பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு இழுத்த புத்தகங்கள் ஒரு மூலையில் அடுக்கியிருக்கும். ஒரு வாரம் தாண்டினால் போதும், யாராவது ஒருவர் "இதைப் போய்த் தள்ளிவிட்டீர்களே" என்று ஒன்றிரண்டைத் திரும்ப அலமாரிக்குக் கொண்டுபோய்விடுவார். வீட்டிலும் அதுதான் நடந்தது. பிறருக்குக் கொடுப்பதற்கென்று நான் கட்டிய மூன்று துணி மூட்டைகள் கதவுக்குப் பின்னால் எட்டு மாதம் நின்றன. கடைசியில் அவற்றுக்கும் சேர்த்துத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன்.

பிரிப்பது பெரிய வேலையில்லை. வாசலைத் தாண்ட வைப்பதுதான் வேலை. உடுத்தத் தக்க துணிக்கு ஓரிடம், பழைய சாதனங்களுக்கு மின்னணுக் கழிவு வாங்கும் ஓரிடம், மீதிக்குக் குப்பைத்தொட்டி. மூன்று போதும். எதை யாருக்குக் கொடுத்தால் மிகப் பொருத்தம் என்று ஆராயத் தொடங்கினால் பொருள் நகராது. பிரித்த பையை அறைக்குள் வைக்காமல் வாசல் கதவை ஒட்டி, காலில் இடறும்படி வையுங்கள். இடறினால்தான் போகும்.

பாசம் இல்லாத இடத்தில் தொடங்குங்கள்

பலர் துணி அலமாரியில் தொடங்கச் சொல்வார்கள். நான் மருந்துப் பெட்டியைச் சொல்வேன். அங்கே தேதி அச்சிட்டே இருக்கிறது, வாதத்துக்கு இடமில்லை. காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள், நீரில் கலந்துவிடும். திரும்பப் பெற்றுக்கொள்ளும் மருந்துக்கடை அருகில் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஒயர்களும் பேட்டரிகளும் கிடக்கும் இழுப்பறை. எந்தச் சாதனத்துக்கு உரியது என்று சொல்ல முடியாத சார்ஜரை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழைய பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், அது தோலை அரிக்கும். ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி வீட்டுக் குப்பையில் போகக் கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய கைபேசியைக் கொடுக்கும் முன் அதிலுள்ள கணக்குகளிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

பிறகு காகிதங்கள். கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகுபவை; நாளடைவில் எழுத்து மங்கி மறைந்துவிடும். உத்தரவாதத்துக்காக நான் பொத்திப் பாதுகாத்த பதினொரு ரசீதுகளில் ஏழு வெற்றுத்தாள்களாக இருந்தன! முக்கியமான ரசீதை அன்றே படம் எடுத்துவிடுங்கள். அடையாள எண்களும் கணக்கு எண்களும் உள்ள தாள்களைக் கிழித்துப் போடுங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறைதான். முழுவதையும் கொட்டி, துடைத்து, வேண்டியதை மட்டும் திரும்ப வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்குமேல் வேண்டாம். களைத்த கை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், அல்லது எல்லாவற்றையும் தூக்கி எறியும்.

சீட்டு ஒட்டுதல்

இப்போது சந்தேகத்துக்குரியவை. இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். இதைக் கழிக்கலாமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். சிறு காகித டேப்பில் இன்றைய தேதியை எழுதி அந்தப் பொருளின்மேல் ஒட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வையுங்கள். பயன்படுத்தும் அன்று டேப்பைக் கிழித்துவிட வேண்டும். ஓர் ஆண்டு ஆன பிறகும் டேப் அப்படியே இருந்தால் பொருள் வாசலுக்குப் போகும். எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்து போக ஓர் ஆண்டு வேண்டும். ஆறு மாதம் போதாது. துணிகளுக்கு டேப் வேண்டாம். எல்லா ஹேங்கர்களையும் கொக்கி நம்மைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்த பிறகு வழக்கம்போல் மாட்டுங்கள். ஆண்டு முடிவில் என் 31 ஹேங்கர்களில் 14 திரும்பவே இல்லை. அவற்றில் நான்கு எனக்கு மிகவும் பிடித்தவை என்று யாரிடமும் சத்தியம் செய்திருப்பேன்.

ஆண்டு முடியும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, நூலகத்தில் நாங்கள் கேட்கும் மூன்று கேள்விகள் உதவும். சிதைந்துவிட்டதா? இதைவிட நல்ல பதிப்பு வந்துவிட்டதா? வேண்டும்போது வேறிடத்தில் கிடைக்குமா? கடைசிக் கேள்வி வீட்டுக்கு மிகவும் பொருந்தும். சுவரில் துளையிடும் இயந்திரத்தை நான் ஆண்டுக்கு இரண்டு முறை தேடுவேன். பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது.

தேதியால் அளக்கக் கூடாதவையும் உண்டு. நூலகத்தில் அகராதிகளுக்குத் தேதிச் சீட்டு கிடையாது. அவை வெளியே போவதில்லை. முதலுதவிப் பெட்டி, டார்ச் விளக்கு, தீயணைப்பான், பத்திரங்கள், சான்றிதழ்கள் ஆகியவை அந்த வகை. தீயணைப்பானை ஓர் ஆண்டாகப் பயன்படுத்தவில்லை என்பது நல்ல செய்தி.

"நல்ல நாளைக்கு" என்று எடுத்து வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஜோடிக் காலணியை அட்டைப்பெட்டியோடு ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்தேன். ஒரு திருமணத்துக்குப் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது அடிப்பாகம் பிஸ்கட் போல நொறுங்கிவிட்டது. பாலியூரித்தேன் அடிப்பாகங்கள் காற்றின் ஈரத்தாலேயே மெல்லச் சிதைபவை. நடக்காமல் வைத்திருப்பது அவற்றைக் காப்பாற்றாது. ரப்பர் பட்டைகளும் உள்ளாடைகளின் எலாஸ்டிக்கும் இதே சாதி. எடுத்து வைத்ததை இன்றே பயன்படுத்துங்கள்.

நினைவுப் பொருட்களைக் கடைசியில் தொடுங்கள். அரிய நூல்களுக்கு நூலகத்தில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று உள்ளே போகும். வீட்டிலும் ஆளுக்கொரு பெட்டி. மகளின் களிமண் பொம்மைகளைப் படம் எடுத்துக்கொண்டு விடைகொடுத்தேன். கடிதங்களை மட்டும் படமாக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்து அழுந்திய தாளின் மறுபக்கம் விரலுக்குத் தெரியும், திரையில் தெரியாது.

பிறர் பொருளைத் தொடாதீர்கள். ஆர்வத்தில் கணவரின் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றைக் குப்பையோடு அனுப்பிவிட்டேன். அதில் அவருடைய அப்பாவின் கைக்கடிகாரப் பட்டை இருந்திருக்கிறது. அவர் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் எந்த அறைக்குள் போனாலும் அவரும் பின்னாலேயே வந்தார். அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது. மற்றவர்களின் பொருளுக்கு டேப்பைக் கையில் கொடுங்கள். ஒட்டுவதும் ஒட்டாததும் அவர்கள் பாடு.

உள்ளே வருவதற்கும் கொஞ்சம் கெடுபிடி வேண்டும். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்ற விதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிய சட்டைக்காக ஒரு பழைய கைக்குட்டையைப் பலி கொடுத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். வாங்கும் முன் "இது எங்கே இருக்கும்?" என்று கேட்டு, குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பதிலாகச் சொல்ல முடிந்தால் மட்டும் வாங்குகிறேன். "எங்காவது வைத்துக்கொள்ளலாம்" என்பது பதில் ஆகாது. அடுக்கி வைக்கும் அழகான பெட்டிகளை முதலில் வாங்கிவிடாதீர்கள். அவை குப்பைக்குத் தங்குமிடம் கட்டித் தரும்.

நிம்மதி வந்ததா என்று கேட்பவர்களுக்கு: வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. காலியான அலமாரி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டாம் என்ற நிலைதான் அமைதியைத் தந்தது. கண்ணில் படும் ஒவ்வொரு பொருளும் நம் கவனத்தில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. மேசைமேல் இருப்பது குறைந்ததும் ஒரே மூச்சில் இருபது பக்கம் வாசிக்க முடிகிறது. கத்தரிக்கோல்களில் மூன்றைக் கொடுத்துவிட்டேன். நான்காவதைத் தீட்டி ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

கணவரின் ஒயர்ப் பெட்டிமேல் மட்டும் ஒரு தேதி ஒட்டியிருந்தது. அவரே எழுதி ஒட்டினார். ஆண்டு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது அதிலிருந்து ஓர் ஒயரை உருவி, பழைய வானொலியில் செருகி, பாட்டு வந்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே டேப்பைக் கிழித்தார்.