அராமிஸ் 900: நிறுத்திட்ட ஒரு ரோஜா சென்ட்ட ஆம்பளைங்க எப்படிப் போடறது

பழைய அராமிஸ் 900 பாட்டில் கைல கெடச்சவங்கள்ல பாதிப் பேரு பண்ற முதல் தப்பு, மூடியத் தொறந்து ஸ்ப்ரேயர்லயே மூக்க வெச்சு மோந்து பாத்துட்டு "ஐயோ, என்ன இது பாட்டி பவுடர் வாசனை"ன்னு அலமாரிக்குள்ள தள்ளிடறது. நானும் அதத்தான் பண்ணேன். ரெண்டு மாசம் துணிக்குப் பின்னாடி கெடந்துது. ஒரு நாள் ராத்திரி படுக்கப் போறப்ப சும்மா பாப்போமேன்னு முழங்கைக்கு உள்பக்கம் ஒரே ஒரு அடி அடிச்சுட்டுப் படுத்தேன், காலைல எழுந்தா கையில ஈர மண்ணு, காஞ்ச வேரு, நடுவுல எங்கயோ வாடின கருஞ்சிவப்பு ரோஜா ஒண்ணு. நேத்து மோந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பதான் புரிஞ்சுது, இந்த சென்ட்ட அடிச்ச உடனே தீர்ப்பு சொல்லக் கூடாது, கொறைச்சு அடிக்கணும், கெளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே அடிக்கணும்னு. கீழ சொல்றது எல்லாமே கிட்டத்தட்ட இந்த மூணுதான்.

கதைய வேகமா சொல்லிடறேன். அராமிஸ்ங்கறது எஸ்டீ லாடர் கம்பெனியோட ஆண்கள் பிராண்டு. 900 வந்தது 1973ல. செஞ்சவர் பெர்னார்ட் ஷான்ட், முதல் அராமிஸும் அவர்தான். 1971ல அதே கம்பெனியோட க்ளினிக்ங்கற பிராண்டுக்கு அரோமாடிக்ஸ் எலிக்ஸிர்னு ஒண்ணு பண்ணிக் குடுத்தார், பொம்பளைங்களுக்குன்னு விக்கிறது, இன்னிக்கும் கடைல இருக்கு. 900 அதோட கூடப் பொறந்த தம்பின்னு வெச்சுக்கோங்க, அதே ரோஜா, அதே பாசி வாசனை, ஆனா இன்னும் கொஞ்சம் பச்சையா, வறட்சியா இருக்கும். தம்பி நடுவுல காணாமப் போய், 2009ல ஜேஹெச்எல், டெவின், ஹவானான்னு அராமிஸோட மத்த பழைய சென்ட்டுங்க எல்லாரோடயும் சேந்து ஜென்டில்மேன்ஸ் கலெக்‌ஷன்ங்கற பேர்ல திரும்பி வந்து, மறுபடியும் போயிட்டான். இப்ப கெடைக்கறது எல்லாம் பழைய ஸ்டாக்கும் யாராச்சும் பாதி தீத்து விக்கறதும்தான்.

"ரோஜா போய் ஆம்பளைக்கா"ன்னு கேக்கறவங்களுக்கு நான் ரொம்ப மெனக்கெட்டு பதில் சொல்றதில்ல. கல்யாண மண்டப வாசல்ல பன்னீர்ச்சொம்ப ஆட்டறப்ப ஆம்பளைங்க யாரும் வேணாம்னு ஒதுங்கிப் போனதில்லையே, அது ரோஜாத் தண்ணிதானே. துபாய்லயோ சவுதிலயோ வேலை பாத்தவங்களக் கேளுங்க, அங்க ஆம்பளைங்க ஊதுங்கற அகில் கட்டை வாசனையும் ரோஜாவும் சேத்து பூசிட்டுத்தான் வெளியவே வருவாங்க, சவுதில தாயிஃப்ங்கற ஊர்ல வெளயற ரோஜாவுக்கு அங்க இருக்கற மதிப்பே தனி. இன்னொண்ணு, ஆம்பளைங்க சென்ட்டுல ரோஜா எப்பவுமே இருந்திருக்கு, ஜெரேனியம்ங்கற வாசனைச் செடியோட பேர்ல ஒளிஞ்சுட்டு இருக்கும். ரோஜா எண்ணெய்ல இருக்கற ஜெரானியால், சிட்ரோனெலால்ங்கற வாசனைப் பொருள் ரெண்டும் ஜெரேனியம் இலை எண்ணெய்லயும் இருக்கு, கூட ஒரு புதினா மாதிரி கசப்பும் இருக்கறதால ஷேவிங் சாமான்ல ஆரம்பிச்சு எல்லாத்துலயும் போட்டாங்க. விலையும் கம்மி. நெஜ ரோஜா எண்ணெய் ஒரு கிலோ எடுக்க மூவாயிரம் நாலாயிரம் கிலோ இதழ் வேணும், பல்கேரியாவுல கசான்லக் பக்கம் விடியக் காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடியே பறிச்சு முடிச்சிடுவாங்க, வெயில் வந்தா வாசனை பறந்துடும்.

சரி, போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இத யாரும் செய்யச் சொல்றதில்ல, நான் சொல்றேன். பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பிடி வெட்டிவேர் வாங்கிக்கோங்க, மளிகைக் கடைல பத்து ரூபாய்க்கு கல்பாசி. வெட்டிவேர லேசா தண்ணி தெளிச்சு மோந்து பாருங்க. கல்பாசிய உள்ளங்கைல வெச்சு நல்லா கசக்கிட்டு மோந்து பாருங்க, தூசி மாதிரி, பழைய மரப்பெட்டி மாதிரி ஒரு வாசனை வரும். இந்த சென்ட்டோட அடில நிக்கறதுல முக்கியமானது ஓக் மாஸ், பேரு மாஸ்னாலும் அது பாசி இல்ல, ஓக் மரத்துல ஒட்டி வளர்ற லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒண்ணா சேந்து வாழறது, கல்பாசியும் அதே குடும்பத்து ஆளு. பக்கத்துல வெட்டிவேரும், பேட்சூலிங்கற மண்வாசனை அடிக்கற இலையும் நிக்கும். வெட்டிவேருங்கற வார்த்தைதான் வெளிநாட்டுல வெட்டிவர் ஆச்சு, பேட்சூலிக்கும் தமிழ்தான் வேருன்னு ஆங்கில அகராதிகளே போட்டிருக்கு. ஆக அமெரிக்காக்காரன் பாட்டில்ல அடிச்சு வித்தாலும் அடித்தட்டு பூரா நம்ம மருந்துக் கடை சாமான்தான். இத மூக்குல பதிய வெச்சுட்டு 900 அடிச்சுப் பாருங்க, அரை மணி நேரம் கழிச்சு ஒவ்வொண்ணா தனித்தனியா தெரிய ஆரம்பிக்கும், "பாட்டி பவுடர்"ங்கற பேச்சே வராது.

இப்ப அளவு. ஒண்ணு. புதுசா போடறவங்களுக்கு ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் சட்டைக்குள்ள நெஞ்சுல. ரெண்டு வாரம் பழகினப்புறம் ரெண்டு, ரெண்டாவது பின்கழுத்துல. மூணுக்கு மேல நான் இது வரைக்கும் ஒரு தடவைதான் போனேன், அந்தக் கதையையும் சொல்லிடறேன். ஒரு ஞாயித்துக்கெழமை விசேஷத்துக்குக் கெளம்பறேன், கழுத்துக்கு ரெண்டு பக்கம், ரெண்டு மணிக்கட்டு, சட்டை மேல ஒண்ணு, ஆக அஞ்சு. வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லல, எனக்கும் ஒண்ணும் பெருசா தெரியல. கால் டாக்ஸில ஏசி போட்டு கண்ணாடி ஏத்தியிருந்துது. ரெண்டு சிக்னல் தாண்டினதும் டிரைவர் அண்ணன் கண்ணாடில என்னப் பாத்தார், மெதுவா அவர் பக்கத்து கண்ணாடிய இறக்கினார், அப்புறம் ரொம்ப மரியாதையா, "சார், மாலை ஏதாச்சும் பையில இருக்கா, துஷ்டிக்கா போறீங்க?"ன்னு கேட்டார். போனது காதுகுத்துக்கு.

அவர் மேல தப்பே இல்ல. ரோஜா, சந்தனம், லேசா புகை இது மூணும் சேந்தா நம்ம ஊர்ல அது சாவு வீடு, அது மூளைல ஏறி உக்காந்திருக்கு, மாத்த முடியாது. அதனால இங்க போடறவங்க கூடுதலா சில விஷயம் பாத்துக்கணும். 900 போடற அன்னிக்கு சந்தன சோப்பு வேணாம், சந்தனப் பவுடர் வேணவே வேணாம், ரூம்ல ஊதுவத்தி ஏத்தி வெச்சுட்டு அங்கயே நின்னு சட்டை போடாதீங்க, துணில ஏறிக்கும். வாசனை இல்லாத சோப்பு இருந்தா நல்லது, இல்லன்னா எலுமிச்சை, வேப்பிலை மாதிரி எதாச்சும் பரவால்ல. தலைக்குத் தேங்கா எண்ணெய் வெக்கறவங்க பின்கழுத்துல அடிக்காதீங்க, ரெண்டும் ஒத்தே போகாது, நெஞ்சோட நிறுத்திக்கோங்க.

நமக்கே ஏன் தெரியலன்னா மூக்கு அப்படித்தான். ஒரே வாசனை தொடர்ந்து அடிச்சா கொஞ்ச நேரத்துல மூளை அத ஒதுக்கி வெச்சுடும், நமக்கு "போயிடுச்சு"ன்னு தோணும், எதுத்தாப்புல நிக்கறவனுக்கு இன்னும் கும்முனு அடிச்சுட்டிருக்கும். மத்தியானம் தெரியலையேன்னு ஆபீஸ் பாத்ரூம்ல போய் திரும்ப அடிக்கறீங்க பாருங்க, அதத்தான் பண்ணவே கூடாது. சந்தேகமா இருந்தா ரெண்டு நிமிஷம் வெளில போய் நின்னுட்டு, திரும்ப வந்து சட்டைக் காலர இழுத்து மோந்து பாருங்க.

நேரம் ரொம்ப முக்கியம். கெளம்பறதுக்கு முக்கா மணி நேரம் முன்னாடி, குளிச்சு ஈரம் நல்லாத் தொடச்சதும் அடிங்க. தோல் வறண்டிருந்தா முன்னாடியே வாசனையில்லாத க்ரீமோ வாசலினோ கொஞ்சம் தடவிக்கோங்க, நல்லா நிக்கும். அடிச்ச எடத்த தேய்க்காதீங்க, அதுவா காயட்டும். மொத பதினஞ்சு நிமிஷம் பச்சை இலைய கசக்கின மாதிரி கசப்பா, சோப்பு மாதிரி, கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், அந்தக் கட்டம் உங்க வீட்டோட முடியட்டும், லிஃப்ட்டுல கூட வர்றவங்களுக்கு வேணாம். ரோஜா அதுக்கப்புறம்தான் மேல வரும், ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு பாசியும் பேட்சூலியும் அத இழுத்து உள்ள வெச்சுக்கும், அந்தக் கட்டத்துக்காகத்தான் நான் இந்த பாட்டிலுக்குக் காசு குடுத்தேன். வெள்ளைச் சட்டை மேல நேரா அடிக்க வேணாம், பழைய சென்ட்டோட சாறு கலரா இருக்கும், கறை விழும். எனக்கு ஒரு கதர் சட்டை போச்சு.

எப்பப் போடறது? சித்திரை வைகாசி வெயில்ல மத்தியானம் போட்டுட்டு பஸ் ஏறாதீங்க, சூட்டுல எல்லாம் ஒரேயடியா கெளம்பிடும், வேர்வையோட சேந்தா இன்னும் மோசம். மழைக்காலம் இதுக்குன்னே செஞ்ச மாதிரி. மார்கழி விடியக் காலை நடைக்குப் போறப்ப ஒரு ஸ்ப்ரே, ஆகா. ஏசி ஆபீஸ்னா ஒண்ணோட நிறுத்துங்க, இன்டர்வியூவுக்கு வேணாம், ஆஸ்பத்திரிக்கு யாரையாச்சும் பாக்கப் போனா எந்த சென்ட்டுமே வேணாம்.

வாங்கறதப் பத்தி. எஸ்டீ லாடர் கூட்டத்து பாட்டில்ல அடில மூணு எழுத்து பேட்ச் கோடு இருக்கும், அதுல கடைசியா இருக்கற எண் தயாரிச்ச வருஷத்தோட கடைசி இலக்கம். கேக்க நல்லாருக்கு, ஆனா 9ன்னு இருந்தா அது 1999ஆ 2009ஆன்னு கோடு சொல்லாது, டப்பாவோட அச்சு, லேபிள் எல்லாம் சேத்துத்தான் முடிவு பண்ணணும். அதனால விக்கறவர்கிட்ட பாட்டில் அடிப்பக்கம், டப்பாவோட எல்லாப் பக்கமும், சாறு எந்த அளவுல நிக்குதுன்னு வெளிச்சத்துல எடுத்த போட்டோவும் கேளுங்க. குடுக்க யோசிக்கறாங்கன்னா விட்டுடுங்க. ஊத்திப் போடற பழைய பாட்டில்கள்ல ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் காத்து உள்ள போயிருக்கும், ஸ்ப்ரே பாட்டில் அந்த விஷயத்துல பரவால்ல.

இன்னும் பழசுதான் வேணும்னு தேடறவங்களுக்கு காரணம் இருக்கு. ஓக் மாஸ்ல இருக்கற அட்ரனால், குளோரோஅட்ரனால்ங்கற ரெண்டும் சில பேருக்கு தோல் அலர்ஜி குடுக்குதுன்னு ஐரோப்பிய யூனியன் 2017ல தடை போட்டு, 2021 ஆகஸ்ட்டோட அதுங்க இருக்கற சரக்கு கடைலயே இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்கு முன்னாடியே தொழில்துறையோட சொந்த விதிகளும் பாசி அளவ கொறைச்சுக்கிட்டே வந்துது. இப்ப அந்த ரெண்டையும் நீக்கின பாசிதான் போடறாங்க. பழைய பாட்டில்ல அந்தக் கல்பாசி வாசனை கனமா இருக்கறது அதனாலதான், அலர்ஜி இருக்கறவங்க பழசத் தொடாம இருக்கறதும் அதனாலதான் நல்லது. தோல் எப்படின்னு தெரியலன்னா முழங்கை உள்பக்கம் ஒரு துளி வெச்சு ரெண்டு நாள் பாருங்க, சிவந்தா, அரிச்சா, விட்டுடுங்க, வேணும்னா கர்ச்சீப்புல போட்டுக்கலாம்.

பாட்டில் வந்ததும் மொத அடி காட்டமா, நெயில் பாலிஷ் மாதிரி அடிச்சா பயப்படாதீங்க, மேல இருக்கற எலுமிச்சை வகை சமாச்சாரம்தான் முதல்ல கெடும், பத்து நிமிஷம் பொறுங்க. அடித்தட்டு சரியா இருந்தா வெச்சுக்கலாம். அரை மணி கழிச்சும் புளிச்ச வாடை போகலன்னா காசு போச்சுன்னு அர்த்தம்.

வெச்சுக்கறது சுலபம், டப்பாவோட, பீரோல, துணிகளுக்கு நடுவுல. பாத்ரூம் வேணாம், ஜன்னல் ஓரம் வேணாம், டிவி மேல வெயில் விழற எடத்துல ஷோவுக்கு வெக்கறதெல்லாம் சுத்தமா வேணாம். பாட்டில் பாதிக்குக் கீழ போச்சுன்னா பத்து மில்லி கண்ணாடி ஸ்ப்ரேயர் வாங்கி வாய் வரைக்கும் நெரப்பி மாத்தி வெச்சுக்கோங்க, காத்து எவ்ளோ கம்மியோ அவ்ளோ நாள் தாங்கும். நான் நூறு மில்லில மிச்சம் இருக்கறத நாலு குட்டி பாட்டிலா பிரிச்சு, ஒண்ண மட்டும் வெளில வெச்சிருக்கேன்.

தவறிப் போய் அதிகமா அடிச்சுட்டீங்கன்னா பஞ்சுல சானிட்டைசர் தொட்டு அந்த எடத்தத் தொடச்சு எடுங்க, அப்புறம் கொஞ்சம் தேங்கா எண்ணெய் தேச்சு சோப்பு போட்டுக் கழுவுங்க, முக்காவாசி போயிடும். சட்டைல பட்டிருந்தா சட்டைய மாத்தறதுதான் வழி.

900 கெடைக்கவே இல்லன்னா அதிக விலை குடுத்து ஏமாறாதீங்க, நேரா போய் அக்கா அரோமாடிக்ஸ் எலிக்ஸிர பாருங்க. பொம்பளைங்க கவுண்டர்ல இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். அது 900ஐ விடவும் காட்டமான ஆளு, அதனால இங்க அரை ஸ்ப்ரேதான் கணக்கு, பொத்தான முழுசா அழுத்தாதீங்க. கடைலயே முடிவெடுக்க வேணாம், டெஸ்டர் பேப்பர்ல ஒரு அடி வாங்கி பர்ஸுக்குள்ள வெக்காம, தனியா ஒரு கவர்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வாங்க, மறுநாள் காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி எடுத்து மோந்து பாருங்க. சட்டைல அடுத்த நாள் மிச்சம் இருக்கப் போறது அந்த வாசனைதான், அது புடிச்சிருந்தா வாங்குங்க.