மழைக்கு முன்னால் பழைய செங்கல் புகைபோக்கியைச் சரிபார்ப்பது எப்படி?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகள் சிலவற்றில் சமையலறைக்கு மேல் செங்கல் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. விறகடுப்பு போய் காஸ் வந்த பிறகு அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அது வருஷா வருஷம் மழையில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. நம்ம ஊரில் புகைபோக்கியைக் கெடுப்பது கரியைவிடத் தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதனால் செப்டம்பருக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் உள்பக்கம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, அடுப்புக்கு மேலிருக்கும் வாயில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லையா? புறாக்கூடு, உதிர்ந்த செங்கல், எப்போதோ யாரோ அடைத்த பலகை, எதுவாகவும் இருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். தேன்கூடு என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், ஆள் வையுங்கள். இன்னும் விறகு எரிக்கிறவர்கள் கரியைக் கீறிப் பார்க்க வேண்டும்: 3 மி.மீ. கனம் சேர்ந்திருந்தால் சுத்தம் செய்யாமல் அடுப்பு மூட்டக் கூடாது. பளபளப்பாகக் கெட்டிதட்டிப் போயிருந்தால் அது துடைப்பத்துக்கு வராது, தீயும் பிடிக்கும். அடைத்த புகைபோக்கியில் காஸ் கெய்சர் குழாயைச் செருகுவதும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

அப்புறம் மொட்டை மாடி. புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், ஏணியையும் அதன்மேல் சாய்க்காதீர்கள். தள்ளி நின்று பார்க்கும்போதே சாய்வோ, மேலிருந்து கீழே ஓடும் விரிசலோ தெரிந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் கிட்டே போய்ச் செங்கல் இடுக்கைச் சாவியால் கீறுங்கள், மாவாகக் கொட்டினால் காரை செத்துவிட்டது. அடிப்பாகம் மாடித் தரையின் தட்டு ஓட்டோடு சேரும் மூலையைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான்.

அரசங்கன்று இருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். வெளியே ரெண்டே இலைதான் தெரியும். உள்ளே வேர் இடுக்குக்கு ஏற்ற மாதிரி நாடாவாகத் தட்டையாகி ஓடியிருக்கும். வெறுமனே பிய்த்தால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். அந்த இடத்துச் செங்கல்லை மெதுவாகக் கழற்றி, வேரை முழுசாக எடுத்துவிட்டுத்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

ரிப்பேர் என்று வந்ததும் கொத்தனார், "ரெண்டு சட்டி சிமெண்ட் அடிச்சா முடிஞ்சுது சார்" என்பார். சம்மதிக்காதீர்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, அது செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உப்பு பொரிந்து, செங்கல் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய காரையை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, இடுக்கைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து அழுத்தித் திணிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வையுங்கள், சுண்ணாம்பு நிதானமாகத்தான் இறுகும்.

இனி அடுப்பே மூட்டப்போவதில்லை என்றால் உச்சியில் பலகைக்கல் வைத்து, பக்கவாட்டுத் திறப்புகளுக்குப் புறா நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். கீழ்வாயை மட்டும் முழுசாகப் பூசி மூட வேண்டாம், துளை போட்ட சின்ன ஜாலிக் கல் ஒன்று விட்டால் காற்று போய்வந்து உள்ளே காய்ந்திருக்கும்.