பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் வாங்குவது எப்படி? லேபிளிலிருந்து ஆரம்பிக்கலாம்

சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் பிராசசருக்கு ஒரு வாரம், கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு வாரம் என்று தேடுவார்கள். சுவரிலிருந்து வரும் கரண்டை மாற்றி எல்லா பாகங்களுக்கும் தரும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் மட்டும் கடைசியில், கையில் மிஞ்சிய காசுக்கு எது கிடைக்கிறதோ அது. நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். கேபினெட்டோடு சேர்ந்து வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் ஏழெட்டு மாதம் ஓடியது, அப்புறம் ஒரு மே மாத மதியம் கரண்ட் போய் வந்த நேரத்தில் ‘டப்’ என்று சத்தம், கூடவே கருகிய வாடை. எஸ்எம்பிஎஸ் போனதோடு நிற்கவில்லை, மதர்போர்டும் சேர்ந்து போனது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு வாட் வேண்டும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது 76 வாட் வரை இழுக்கும். கார்டுக்கு 132 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், இரண்டு மூன்று ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் போடுங்கள். மொத்தம் 260 வாட்டுக்குப் பக்கம்.

அப்படியென்றால் 300 வாட் போதுமா? போதாது. கிராபிக்ஸ் கார்டு சில மில்லி செகண்டுகளுக்குத் தன் அளவைத் தாண்டித் திடீரென்று இழுக்கும், கோடையில் கேபினெட்டுக்குள் சூடும் ஏறும். கணக்குப் போட்டு வருவதை ஒன்றரை மடங்காக்கி, அதற்கு மேல் கடையில் கிடைக்கும் அடுத்த அளவை எடுங்கள். இந்த செட்டுக்கு நல்ல 450 வாட் போதும். இரண்டு வருடத்தில் பெரிய கார்டு மாட்டும் எண்ணம் இருந்தால் 550. கார்டே இல்லாமல், 5600ஜி மாதிரி கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசர் என்றால் மொத்தமே 150 வாட்டைத் தாண்டாது. அதற்குப் போய் 750 வாட் வாங்குவது வீண் செலவு, அந்தப் பணத்தில் ரேம் கூட்டலாம்.

படி 2: லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட லேபிள் ஒட்டியிருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக எத்தனை ஆம்பியர் தரும் என்று எழுதியிருப்பார்கள். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. அந்த ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள்.

ஒரு ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு நேராக 36 ஆம்பியர் இருக்கிறது என்று வையுங்கள்: 432 வாட், இது நாணயமான லேபிள். இன்னொரு ‘450 வாட்’டில் 16 ஆம்பியர்தான் இருக்கிறது: 192 வாட். மீதியை 3.3லும் 5லும் சேர்த்துக் கூட்டி, பெட்டியில் பெரிய எழுத்தில் 450 என்று அடித்துவிடுகிறார்கள். நம் உதாரணத்து செட்டை இது தாங்கவே தாங்காது. சில லேபிளில் 12 வோல்ட் இரண்டு வரியாக இருக்கும். இரண்டையும் நீங்களாகக் கூட்டாதீர்கள், கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாட் கணக்கு போட்டிருப்பார்கள், அதுதான் உண்மை. லேபிள் படமே இல்லாமல் ஆன்லைனில் விற்றால் அதை வாங்க வேண்டாம்.

படி 3: 80 பிளஸ் முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும்தான் இது சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) முத்திரைக்கு 85 சதவீதம், கோல்டு (Gold, தங்கம்) முத்திரைக்கு 90. கம்ப்யூட்டர் 300 வாட் இழுக்கிறது என்றால் பிரான்ஸ் சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும், கோல்டு 333. தினமும் நான்கு மணி நேரம் கேம் ஆடினாலும் வித்தியாசம் மாதத்துக்கு இரண்டரை யூனிட்கூட வராது. அதனால் பட்ஜெட்டில் பிரான்ஸ் போதும் என்பது என் கருத்து.

ஆனால் ஷார்ட் ஆனாலோ வோல்டேஜ் எகிறினாலோ எஸ்எம்பிஎஸ் தன்னை நிறுத்திக்கொள்ளுமா என்பதை இந்த முத்திரை சோதிப்பதில்லை. அதற்கு அந்த மாடலைக் கழற்றிப் பார்த்து சோதித்த விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் தேடினால் பிரயோசனமில்லை, ஒரே பிராண்டில் நல்ல வரிசையும் சுமாரான வரிசையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு, தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் அதைத் தெரியாமல் 115க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் அங்கேயே வெடிக்கும்.

படி 4: வயர்கள்

மதர்போர்டுக்கு 24 பின், பிராசசருக்கு 4+4 பின், கார்டுக்கு 6+2 பின். உங்கள் கார்டு கேட்கும் பின் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இருக்க வேண்டும், மோலெக்ஸிலிருந்து (பழைய வகை நான்கு பின் பிளக்) மாற்றித் தரும் அடாப்டர் வேண்டாம், அது சூட்டில் உருகக்கூடும். பிராசசர் வயருக்கும் கார்டு வயருக்கும் எட்டு ஓட்டைதான், ஆனால் பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். எளிதாக உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் மாடுலர் வகை வாங்கினால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை இதில் செருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும்.

படி 5: யுபிஎஸ்ஸும் எர்த்தும்

வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் போட்ட நம் உதாரணத்து செட் முழு லோடில் சுவரிலிருந்து 305 வாட் எடுக்கும், மானிட்டர் சேர்ந்தால் 330. கேம் நடுவில் கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எர்த்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் கோளாறு இருக்காது, பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு கரண்ட் எர்த் வயரில் இறங்க வேண்டும், வழியில்லாததால் பாடியில் நிற்கிறது. இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலும் இதே கதைதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்டைச் சரிசெய்த பிறகு கம்ப்யூட்டரை மாட்டுங்கள்.

மாட்டும்போது, கேபினெட்டின் அடியில் வலை இருந்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் கீழ் பார்க்க, இல்லாவிட்டால் மேல் பார்க்க. எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். தூசியைத் தட்ட வேண்டுமானால் பிளக்கைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தே பிரஷ்ஷாலோ புளோயராலோ தட்டுங்கள், வாரண்டி சீலும் அப்படியே இருக்கும்.