நாலுல ஒண்ணுன்னா மீதி மூணும் தப்பிச்சிடுமா?

பரம்பரையா வர்ற ஒரு நோய் குழந்தைக்கு வர "நாலுல ஒரு சான்ஸ்"னு டாக்டர் சொன்ன உடனே நிறைய அப்பா அம்மா மனசுல ஒரு கணக்கு ஓடும், மொத குழந்தைக்கு வந்துடுச்சு, அப்போ இனி பொறக்குற மூணுக்கும் வராதுன்னு. நானே ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். தலசீமியா மாதிரி ரத்த நோய்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே கேரியர்னா, அதாவது நோய் இல்லாம நோய் ஜீன மட்டும் சுமக்குறவங்கன்னா, ஒவ்வொரு தடவ உண்டாகும்போதும் கணக்கு மொதல்லேர்ந்து தான், நோயோட பொறக்க 25 சதவீதம், கேரியரா மட்டும் இருக்க 50, எதுவுமே இல்லாம இருக்க 25. போன ஆட்டத்துல தாயம் விழுந்துச்சுன்னு இந்த ஆட்டத்துல விழாம இருக்குமா என்ன?

இதுலயே இன்னொரு தப்பு இருக்கு, அத யாரும் கண்டுக்கிறதே இல்ல. நோய் இல்லாத அண்ணனையோ தங்கச்சியையோ "இதுக்கு ஒண்ணும் இல்லப்பா"ன்னு விட்டுடறாங்க. அந்த பிள்ளைக்கு நோய் இல்லன்னு உறுதியாயிடுச்சுன்னா அந்த 25, 50, 25 கணக்க நாலு கட்டமா (நோய் ஒண்ணு, கேரியர் ரெண்டு, எதுவும் இல்லாதது ஒண்ணு) போட்டு நோய் கட்டத்த அடிச்சிடலாம், மிச்சம் இருக்குற மூணுல ரெண்டு கேரியர் கட்டம், அதாவது கேரியரா இருக்க 3ல 2 வாய்ப்பு. பார்க்க நல்லா இருப்பாங்க, மிஞ்சிப்போனா லேசா ரத்தசோகை இருக்கும், அதையும் இரும்புச்சத்து கம்மின்னு நெனச்சு மாத்திரை போட்டுட்டே இருப்பாங்க. கல்யாண வயசு வரும்போது தலசீமியா கேரியரான்னு காட்டுற ஹீமோகுளோபின் ஏ2ங்கிற ரத்த டெஸ்ட் எடுத்து பார்த்துட்டா நல்லது, வரப்போறவங்களும் எடுத்துட்டா இன்னும் நல்லது.

அடுத்தது ஜாடை பாக்குறது. "அப்படியே அவங்கப்பன உரிச்சு வெச்சிருக்கான், அதனால அவருக்கு இருந்தது இவனுக்கும் வரும்"னு சொல்றது. மூக்கும் முழியும் ஒரு பக்கம் வரும், நோய் ஜீன் இன்னொரு பக்கம் வரும், ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ரத்தம் சரியா உறையாத ஹீமோபிலியாவ எடுத்துக்கோங்க, அதோட ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பையனுக்கு அப்பா குடுக்குறது ஒய், அதனால நோய் இருக்குற அப்பா அத பையனுக்கு குடுக்க முடியாது, ஆனா பொண்ணுங்க எல்லாருக்கும் அந்த ஜீன் போயிடும். மார்பக புற்றுநோய்னா அம்மா வழி சொந்தத்த மட்டும் விசாரிக்கிறதும் இதே மாதிரி தான், அந்த புற்றுநோய் வர்ற வாய்ப்ப கூட்டுற பிஆர்சிஏ ஜீன் கோளாறு அப்பாகிட்ட இருந்தாலும் பிள்ளைக்கு வர பாதிக்கு பாதி வாய்ப்பு.

"எங்க பரம்பரைலயே கிடையாதே"ன்னு சொல்லி அம்மா மேல பழி போடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப கோவம் வரும். டவுன் சிண்ட்ரோம்ல சுமார் 95 சதவீதம், பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகுற சமயத்துல 21வது குரோமோசோம் சரியா பிரியாம கூடுதலா ஒண்ணு சேர்ந்து வர்றது, யாரும் எதையும் தின்னு வந்தது இல்ல. கொஞ்ச பேருக்கு மட்டும் 21வது குரோமோசோம் இன்னொரு குரோமோசோமோட ஒட்டிக்கிட்டு வர்ற டிரான்ஸ்லொகேஷன்னு வேற வகை, அதுல அப்பா அம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்கணும், அதனால குழந்தையோட குரோமோசோம் ரிப்போர்ட்ட பத்திரமா வெச்சிருங்க.

"ரிஸ்க் ரெண்டு மடங்கு"ன்னு எங்கயாவது படிச்சா எத்தனைல இருந்து எத்தனைன்னு கேளுங்க, ஆயிரத்துல ஒண்ணு ரெண்டானாலும் ரெண்டு மடங்கு தான்.

பரம்பரை நோய் பத்தி ஆலோசனை சொல்ற ஜெனிடிக் கவுன்சலர பாக்க போறப்போ மூணு தலைமுறை விவரம் எழுதிட்டு போங்க, கலைஞ்ச கர்ப்பம், கைக்குழந்தையா இருக்கும்போதே போனதுன்னு வீட்டுல யாரும் வாய் திறக்காததையும் சேர்த்து, பெரியம்மா அத்தைகள தனியா உக்கார வெச்சு கேட்டா சொல்லுவாங்க.